கால் மடங்குகிறதே, கார் சீட்டைத் திருப்பிவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 மாதம், எடை 10.5 கிலோ. காரில் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் குழந்தை சீட்டில்தான் உட்கார வைக்கிறோம். கால் நீட்ட இடமில்லாமல் மடக்கிக்கொள்கிறான், அழுகிறான். "ஒரு வயது தாண்டிவிட்டதே, முன்பக்கம் திருப்பிவிடு, பக்கத்தில் போவதென்றால் மடியில் வைத்துக்கொள்" என்கிறார் என் மாமியார். உறவினர் ஒருவர் தன் பழைய சீட்டைத் தருவதாகவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்குத் திருப்ப வேண்டாம். கால் மடங்குவது நமக்குத்தான் கஷ்டமாகத் தெரிகிறது. இந்த வயதுக் குழந்தைகள் சம்மணம் போட்டோ, தவளை மாதிரி காலை விரித்தோ சுகமாக உட்கார்ந்துகொள்வார்கள். பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தைகளுக்கு விபத்தில் கால் உடைவது அரிது. அப்படியே உடைந்தாலும் கால் எலும்பு கூடிவிடும். நான் பயப்படுவது கழுத்தை நினைத்துத்தான்.

உங்கள் மகனின் உடம்புக்குத் தலை ரொம்பப் பெரிது, கனமும் அதிகம். கழுத்து எலும்புகளில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், அவற்றைக் கட்டியிருக்கும் நார்களும் இளக்கமானவை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி நேருக்கு நேர் மோதினால், வார் உடம்பைப் பிடித்துவிடும், தலை மட்டும் முன்னால் பாயும். அப்போது முதுகெலும்பு இழுபட்டு நீளும். உள்ளே இருக்கும் தண்டுவடத்தால் அவ்வளவு நீள முடியாது. பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்பகுதி ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

மாமியார் சொல்லும் ஒரு வயதுக் கணக்கு அவராகச் சொன்னதல்ல, டாக்டர்களே முன்பு சொன்னதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-ல் அதை இரண்டு வயதாக்கியது. 2018-ல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட் தாங்கும் எடையும் உயரமும் எட்டும்வரை பின்பக்கம் பார்த்தபடியே இருக்கட்டும் என்றது. அந்த அளவுகள் உங்கள் சீட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். உச்சந்தலைக்கு மேல் சீட்டின் விளிம்புவரை இரண்டரை சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவர்கள் மேல் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை பாயும். உங்கள் 10.5 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவுக்கு மேல் தூக்கும் பலம் வேண்டும், அதுவும் கண் இமைப்பதற்குள். பாட்டிக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் கை அதைத் தாங்காது. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது இன்னும் மோசம், பெரியவர் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும்.

அழுகைக்கு வருவோம். வார் கழுத்தில் உரசுகிறதா, கொக்கி சுடுகிறதா, உள்ளே வியர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வரலாம். அப்படியும் அடங்கவில்லையா? வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுங்கள், ஓடும்போது வாரை அவிழ்க்கவே கூடாது. அழுகிறான் என்று வாரைத் தளர்த்துவதும் வேண்டாம். தோள்பட்டை அருகே வாரைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விரலில் சிக்கக் கூடாது. தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வார் போட்டு, மேலே போர்த்திவிடுங்கள். பின்பக்கம் பார்க்கும் சீட்டில் வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். சீட்டை முன் இருக்கையில், வேலை செய்யும் ஏர்பேக்குக்கு எதிரே ஒருபோதும் வைக்காதீர்கள்.

உறவினரின் சீட் பலமான விபத்து எதிலாவது சிக்கியதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிக்கியது என்றாலோ, சரியாகத் தெரியாது என்றாலோ வாங்காதீர்கள், வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். அதில் அச்சிட்டிருக்கும் காலாவதி தேதியையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, பின்பக்கம் பார்க்கும்படி பொருத்தவும் முடிந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.