ஆன்டிஆக்ஸிடன்ட் உயிரணுவின் கொழுப்பை எப்படிக் காக்கிறது? வைட்டமின் ஈ மாத்திரை தேவையா?

ஏற்காட்டுக் கடையொன்றில் காப்பித்தூள் பொட்டலத்தின் மேல் "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, உயிரணுக்களைக் காக்கும்" என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்தக் காப்பு எப்படி நடக்கிறது என்றும், அதற்காகத் தினமும் வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் உயிர்வேதியியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் உள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அது விறைத்துப் போகாமல் நெகிழ்வாக இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பலவற்றில் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப் பிணைப்புகள் இருப்பதுதான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் மிகவும் தளர்வாக ஒட்டியிருக்கும். நெகிழ்வைத் தரும் அந்த அமைப்பே ஆபத்துக்கும் வாசல். ஃப்ரீ ராடிக்கல் என்பது துணையற்ற எலக்ட்ரான் ஒன்றோடு நிற்பதால் மற்றவற்றை எளிதில் தாக்கும் துகள். ஹைட்ராக்சில் போன்ற ஒரு ஃப்ரீ ராடிக்கல் அந்த ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டால், கொழுப்பு மூலக்கூறு தானே ராடிக்கலாக மாறி, அருகிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சில் ராடிக்கலாகிறது. அது தன் குறையைத் தீர்க்கப் பக்கத்துக் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு கொழுப்புப் பெராக்சைடாகிவிடும். அந்தப் பக்கத்துக் கொழுப்பு அடுத்ததிடம் கை வைக்கும். ஒருவரிடம் கைமாற்று வாங்கி இன்னொருவர் கடனை அடைப்பதைப் போல, கடன் தீராமல் ஆள் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. தொடங்கி வைத்தது ஒரேயொரு ராடிக்கலாக இருந்தாலும் கெடுவது பல மூலக்கூறுகள். ஆக்சிஜன் தண்ணீரைவிடக் கொழுப்பில் பல மடங்கு கூடுதலாகக் கரையும் என்பதால் சவ்வின் உட்புறத்தில் இந்தத் தொடருக்கு விறகு குறைவதே இல்லை.

இதே வினைதான் சமையலறை எண்ணெயிலும் நடக்கிறது. பழைய கடலை எண்ணெயில் வரும் சிக்கு வாடை இந்தத் தொடரின் கடைசி விளைபொருள்களின் வாடை. மாணவர்களுக்கு இதை ஆய்வகத்தில் காட்டுவோம். எண்ணெயில் சிறிதளவை அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைசலில் கரைத்துப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால், எண்ணெயிலுள்ள பெராக்சைடு அதிலிருந்து அயோடினை வெளியேற்றும். சேலத்தில் கேட்ட இடத்தில் கிடைக்கும் மரவள்ளி மாவைக் காய்ச்சிச் சில சொட்டு விட்டால் கருநீலமாகும். பிறகு பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, அயோடினைத் தீர்க்கும் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் சட்டென்று மறையும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறதோ அவ்வளவுக்கு எண்ணெய் கெட்டிருக்கிறது என்று பொருள்.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய செக்கு நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் ஒன்றாக அலமாரியில் வைத்துச் சோதித்தால், எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று தெரியும். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெயிக் அமிலம் கடலை எண்ணெயைவிட நல்லெண்ணெயில்தான் பொதுவாக அதிகம். அப்படியானால் நல்லெண்ணெய் அல்லவா முதலில் கெட வேண்டும்? ஆனால் அதுதான் நெடுநாள் தாங்கும். எள்ளில் உள்ள செசமோலும் அதன் உறவுப் பொருள்களும், டோகோஃபெரோல் எனப்படும் வைட்டமின் ஈ வகைகளும் சேர்ந்து அந்தத் தொடரை இடையில் அறுத்துவிடுகின்றன. இப்படித் தடுப்பவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். கொழுப்பு எத்தகையது என்பதோடு கூட இருப்பது எது என்பதும் கணக்கில் வருகிறது.

உயிரணுச் சவ்வில் அப்படிக் கூட இருப்பது வைட்டமின் ஈ. 1922இல் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளின் கருவளர்ச்சியை ஆராயும்போது கண்டறிந்த பொருள் இது. இதன் நீண்ட வால் கொழுப்புகளுக்கிடையே புதைந்திருக்க, வளையத் தலை சவ்வின் மேற்பரப்புக்கு அருகே நிற்கும். பெராக்சில் ராடிக்கல் மேற்பரப்பை நோக்கி மிதந்து வரும்போது, அடுத்த கொழுப்பைத் தொடுவதற்கு முன் இந்தத் தலை தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடுகிறது. பக்கத்துக் கொழுப்போடு நடக்கும் வினையைவிட இது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேகமானது. அதனால்தான் ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில், சில இடங்களில் அதற்கும் குறைவாக, இருந்தாலும் அதனால் காவல் காக்க முடிகிறது.

ஹைட்ரஜனைக் கொடுத்த வைட்டமின் ஈயும் ஒரு ராடிக்கல்தான். ஆனால் துணையற்ற எலக்ட்ரான் அதன் வளையம் முழுவதும் பரவி நிற்பதால், அது புதிய கொழுப்பைத் தாக்கும் அளவுக்கு வேகம் கொண்டதல்ல. நீர்ப்பக்கத்தில் இருக்கும் வைட்டமின் சி அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்தக் கைமாற்றத்தைப் பாக்கர், ஸ்லேட்டர், வில்சன் ஆகிய மூவரும் 1979இல் சோதனைக் குழாயில் நேரடியாகக் காட்டினார்கள்.

தொடரை அறுத்த பிறகும் கொழுப்புப் பெராக்சைடு மிஞ்சும். அங்கே இரும்பு அயனி வந்து சேர்ந்தால் அது உடைந்து மறுபடியும் ராடிக்கல்களைத் தரும். அதைத் தடுக்க, செலினியம் கொண்ட ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி, குளூட்டாதயோன் என்ற உயிரணுவின் சிறு மூலக்கூறைச் செலவழித்து அந்தப் பெராக்சைடைத் தீங்கற்ற ஆல்கஹாலாக மாற்றுகிறது. இந்த நொதி முடங்கினால் உயிரணு செத்தே போகும். இரும்பைச் சார்ந்த அந்தச் சாவுக்கு 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

ஆக, இது ஒரு பொருளின் வேலை அன்று. கொழுப்புக்குள் ஒன்று, நீரில் ஒன்று, பெராக்சைடைத் தீர்க்க நொதியொன்று, இரும்பைப் பூட்டி வைக்க ஃபெரிட்டின் என்ற புரதம் என்று அவரவர் இடத்தில் நின்று செய்யும் கூட்டு வேலை. காப்பியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோதனைக் குழாயில் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது உண்மை. ஆனால் குடலிலும் கல்லீரலிலும் அது பெரிதும் உருமாறிவிடுகிறது. சவ்வுக்குள் போய் வைட்டமின் ஈயின் இடத்தில் உட்காருவதில்லை. ஏற்காட்டுக் காப்பியை அதன் மணத்துக்காகக் குடியுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: காரணமின்றி வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தபோது, பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. சுமார் 35,000 ஆண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் தெரியவந்தது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 15 மில்லிகிராம்தான்; நிலக்கடலை, கீரை, பாதாம், சூரியகாந்தி எண்ணெய் என்று கலந்து சாப்பிட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் வைட்டமின் சிக்குக் குறைவிருக்காது.

கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல், கல்லீரல் நோய் உள்ளவர்கள் கதை வேறு. அவர்களுக்கு வைட்டமின் ஈ குறைந்தால் சிவப்பணுக்களின் சவ்வு சிதையும், நரம்புகளும் பாதிக்கப்படும். அவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் ஈ அவசியமான மருந்து. இந்தப் பதிலைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிடக் கூடாது.