நகையை அடகு வைக்காதீர்கள், ஆச்சி

ஆச்சிக்கு வணக்கம். மகளைக் கல்லூரியில் எதில் சேர்ப்பது என்று கேட்டு தேவகோட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் முழுதும் கேட்டேன். அவள் மதிப்பெண் போதும், பயம் வேண்டாம். ஆறுதல் இத்தோடு சரி. சென்னை அம்மான் சொல்கிறார் என்று நகையை அடகு வைத்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்குவது தப்பு. சொல்வது அம்மான், வட்டி கட்டப்போவது நீங்கள். பொறியியல், நர்சிங், வங்கித் தேர்வெல்லாம் உறவுக்காரர்களே பேசி முடித்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை.

உங்கள் மகள் என்னிடம் கேட்டது வேறு. வருசநாட்டுப் பக்கம் போனபோது, மழை விட்டதும் ஓடைத் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருந்ததாம். "துணியில வடிகட்டியும் நிறம் போகலையே, ஏன்?" என்றாள். அந்தக் கேள்விக்கே ஒரு துறை இருக்கிறது: நீர் வேதியியல்.

சருகும் மேல்மண்ணும் மழையில் ஊறும்போது கரிமச் சேர்மங்கள், அதாவது இலைதழை மக்கி வரும் கார்பன் பொருட்கள், தண்ணீரில் கரைகின்றன. சாயா நிறம் இவற்றால்தான்; கரைந்துவிட்டதைத் துணி பிடிக்காது. அந்தத் தண்ணீர் அடிமண்ணுக்கு இறங்கினால், அங்குள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் கரிமத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் ஊற்றால் மட்டும் ஓடும் ஓடை தெளிவாக இருப்பது இதனால்தான். அடைமழையில் நிலத்தடி நீர்மட்டம் ஏறி மேல்மண்ணைத் தொட்டுவிட்டால், தண்ணீர் கீழே இறங்காமல் சரிவோடு பாய்ந்து கரிமத்தை நேரே ஓடையில் கொட்டிவிடும். பல காடுகளில் ஆண்டு முழுக்கப் போகும் கரைந்த கரிமத்தில் பெரும்பங்கு ஒருசில பெருமழைகளிலேயே போய்விடுகிறது. இதை அளக்க மாதத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தால் கணக்கு உதைக்கும். வெள்ளம் ஏறும்போதும் வடியும்போதும் எடுக்க வேண்டும், நடுராத்திரியானாலும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஐஸ் பெட்டியில் லேபுக்குக் கொண்டுபோய், அமிலம் விட்டுக் கனிமக் கரிமத்தை (கார்பனேட் போன்றவற்றை) விரட்டி, மீதியை எரித்து வரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பார்கள். இதே கரிமம் குடிநீரில் இருந்து, அதில் குளோரின் போட்டால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற, உடம்புக்கு ஆகாத சேர்மங்கள் உண்டாகும். ஆக, இது காட்டோடு முடிகிற சங்கதி இல்லை.

வழி இதுதான்: காரைக்குடி அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. அதற்குமேல் யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதி, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் வேதியியல் பிரிவு விஞ்ஞானியாகலாம். ஆராய்ச்சிதான் பிடிக்கிறது என்றால் ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம், கோழிக்கோடு நீர்வள மையம் இருக்கின்றன. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் இந்த வழியே வேண்டாம். ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு நகைப்பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்களே, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 அவள் கணக்கில் வரும். மிச்சப்படும் பணத்தை எம்.எஸ்சி.க்கு வெளியூர் ஹாஸ்டலுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

அம்மான் கோபித்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். ஆன்லைன் விண்ணப்பத்தில் பாட வரிசையை மட்டும் அவளே நிரப்பட்டும். நீங்களும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள்.