பூட்டிய அறைக்குள் பேசுவது யார்?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், எட்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். எங்கள் பூர்வீக வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பங்காளிகளின் அறைகள் பூட்டியே கிடக்கின்றன. அதற்குள் ஆட்கள் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான். சாவி வாங்கித் திறந்து காட்டினேன். 'நீங்க வர்ற சத்தம் கேட்டுப் போயிட்டாங்க' என்றான். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று, வாழைப்பழமும் தானே அவித்த முட்டையும் மட்டும்தான் சாப்பிடுகிறான். ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் என்றாலே, 'உங்களுக்குத்தான் ஆத்தா பைத்தியம்' என்று கத்துகிறான். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் அவன் அப்பச்சி (அப்பா). காப்பியில் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் ஒரு சொந்தக்காரர். அடுத்த மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். அதுவரை வீட்டின் பின்பகுதியில், இரண்டாம் கட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நான் என்ன செய்ய?
- தேவகோட்டைக்கு அருகிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

காப்பியிலிருந்து தொடங்குகிறேன், அது இன்றைக்கே நடந்துவிடக்கூடியது என்பதால். தயவுசெய்து கலக்காதீர்கள். உங்கள் மகனுடைய பயமே சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்பதுதான். டம்ளரின் அடியில் ஒரு நாள் எதையாவது பார்த்துவிட்டான் என்றால் அந்தப் பயம் உண்மையாகிவிடும், கலந்தவர் நீங்கள் என்றும் ஆகிவிடும். அப்புறம் முட்டையையும் தொடமாட்டான். இந்த மாத்திரைகளில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கை நடுங்கும். ஏன் இப்படி ஆகிறது என்றே தெரியாமல் அவன் எவ்வளவு பயந்துபோவான்!

என் தம்பிக்கும் இப்படி வந்தது. மொட்டைமாடியில் யாருமில்லை என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். நீங்கள் சாவியோடு அந்த அறை வாசலில் நின்றது எனக்குப் புரிகிறது.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பொதுவாக சைக்கோசிஸ் என்பார்கள். மனச்சிதைவு நோயில் வரும், கஞ்சா போன்ற பழக்கத்தால் வரும், சில உடல் நோய்களாலும் வரும். எதனால் என்று மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அவன் நடிக்கவில்லை. இந்தக் குரல்கள் கேட்கும்போது மூளையில் பேச்சையும் கேட்பதையும் கவனிக்கும் பகுதிகள் வேலை செய்வதை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவன் சொல்வதும் வீம்பு இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் சிலர், தன் கை அசையவில்லை என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூளைக்கு அது தெரியாது. அதுபோலத்தான் இதுவும். தனக்கு நோய் என்று தெரியாமல் போவது இந்த நோயிலேயே சேர்ந்தது.

அதனால், நோய் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். அங்கே ஆள் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், இல்லை என்று சாதிக்கவும் வேண்டாம். 'எனக்குக் கேட்கலை தம்பி. உனக்குக் கேட்குதுன்னு தெரியுது. ராப்பகலா இப்படிக் கேட்டா எப்படித் தூங்குவே?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் பேசட்டும். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, 'தூங்க முடியலை ஆத்தா' என்று அவன் வாயிலிருந்தே வரலாம். அந்தத் தூக்கத்துக்காகத்தான் அவன் டாக்டரிடம் வருவான், நாம் சொல்லும் நோய்க்காக வரமாட்டான். முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடமே போகலாம். கோவிலுக்கு என்று காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்காதீர்கள். என் தம்பியை நாங்கள் அப்படித்தான் கொண்டுபோனோம். ஒரு வருஷம் எங்களோடு அவன் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

அவன் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களும் அப்பச்சியும் மட்டும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவனைப் பார்க்காமல் மருந்து எழுதமாட்டார்கள், ஆனால் வழி சொல்வார்கள். நடு ராத்திரி மனசு தவித்தால் 14416. அரசின் டெலி மானஸ் எண் அது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

இனி, பூட்டுவது. வேண்டாம் ஆச்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். இன்று இந்த நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். படைப்பு நாளையும் கொஞ்சம் அவன் பக்கமிருந்து பாருங்கள். யாருக்குப் பயந்து நடுங்குகிறானோ, அவர்களே கூட்டமாக வந்து வளவில் பந்தியில் உட்காரப் போகிறார்கள். அந்த இரண்டு நாளும் அவனுக்குப் பிடித்த மாமா வீடோ பள்ளிக்கூட நண்பன் வீடோ, அவன் சம்மதித்தால், நல்லது. பங்காளிகளிடம் 'தூக்கமில்லை, உடம்புக்கு முடியலை' என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

அவன் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்த முயன்றால், மிரட்டினால், அல்லது அந்த வாழைப்பழத்தையும் விட்டுவிட்டு உடம்பு ஒடுங்கத் தொடங்கினால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவன் மறுத்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வழி இருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவரும், மற்றொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவன் வேறு யாரையும் தன் பிரதிநிதியாகக் குறிப்பிடாதபோது, நெருங்கிய உறவு என்ற முறையில் பெற்றவர்கள் நீங்கள் விண்ணப்பிக்கலாம். முதலில் 30 நாள் வரை வைத்திருக்கலாம். அவசரமென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். பூச்சிமருந்து, கத்தி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் இன்றே கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். 'செத்துப்போகலாம்னு தோணுதா தம்பி?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கல்யாணப் பேச்சை அப்பச்சி உடனே நிறுத்த வேண்டும். கல்யாணச் சந்தடியும் தூக்கமில்லாத நாட்களும் நோயைக் கூட்டும். வரப்போகிற பெண்ணும் ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்தவள். மறைத்துச் செய்தால் பின்னால் நீதிமன்றம் அந்தத் திருமணத்தைச் செல்லாதென்று சொல்லவும் இடமுண்டு. மருந்தில் நன்றாக இருந்து, அவனே ஆசைப்பட்டு, பெண்ணிடம் உண்மையைச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். அது வேறு, அதற்குக் காலம் இருக்கிறது.

மருந்து தொடங்கினால் சில வாரங்களில் குரல்கள் தணியலாம். தணிந்ததும் நிறுத்தத் தோன்றும், நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். தினமும் மாத்திரை என்பதே சண்டையாகும் என்றால் மாதத்துக்கு ஒரு ஊசி என்ற வழியும் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். என் தம்பிக்கு ஊசிதான்.

இன்று ராத்திரி அவன் விழித்துக்கொண்டு முகப்பில் உட்கார்ந்திருந்தால், நீங்களும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். அவன் உரித்த முட்டையில் பாதி கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று எனக்கு எழுதுங்கள்.