3500 சொற்களை மூடி வையுங்கள், தங்கச்சி

டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பேராதனையில் பட்டம் முடித்துவிட்டாராம், கனடாவில் மாஸ்டர்ஸ் செய்ய விருப்பமாம், அதற்கு எழுத வேண்டிய ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம். டியூஷன் சேர் 3500 கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து, இதை மனப்பாடம் செய்தால் 9க்கு 7 நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார். "அண்ணன், இது போதுமா? அங்கே வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்க வேண்டும், பகுதிநேர வேலை கிடைக்குமா?"

வாடகையைப் பற்றி இன்று நான் சொல்லும் தொகை நீங்கள் வந்து இறங்கும்போது பொய்யாகிவிடும், அதனால் விடுங்கள். குளிர்ச்சட்டை இங்கே வந்து வாங்குங்கள். நுவரெலியாக் குளிரைப் பார்த்தவள் என்ற தைரியத்தில் ஜனவரியில் மட்டும் வந்து இறங்காதீர்கள். வேலை தேடினால் கிடைக்கும். நான் பேச விரும்புவது அந்தப் பட்டியலைப் பற்றி.

அது ஐயெல்ட்ஸுக்காகச் செய்த பட்டியலே இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ பரீட்சைக்காரர்கள் ஒரு காலத்தில் உருப்போட்டது. அந்தப் பரீட்சையில் எதிர்ச்சொல் கேள்விகளும், இது அதற்கு எப்படியோ அது எதற்கு என்ற மாதிரி உவமைக் கேள்விகளும் இருந்தன. ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை. 2011 ஆகஸ்டில் பரீட்சையைத் திருத்தியபோது அந்த இரண்டு வகையையும் எடுத்துவிட்டார்கள். பட்டியல் மட்டும் சாகவில்லை. வெள்ளவத்தையில் போட்டோகொப்பி போட்டார்கள், அட்டனுக்கு பஸ் ஏறியது, இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு 39 சொல். அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தமிழ்ப் பொருளோடு.

ஐயெல்ட்ஸ் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, ஒழுங்காகக் கோத்தீர்களா, சொல்வளம், இலக்கணம். ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. பேச்சுப் பகுதியிலும் சொல்வளத்துக்குக் கால் பங்குதான். 7க்கான வரையறையை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், தேடி வாசியுங்கள். அதிகம் புழங்காத சொற்களை ஓரளவு பயன்படுத்த வேண்டும் என்கிறது, ஆனால் நடை தெரிந்து, எந்தச் சொல் எதோடு சேரும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. டியூஷன் சேர்மார் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தச் சேர்க்கைக்கு மொழியியல்காரர்கள் காட்டும் பழைய உதாரணம் தேத்தண்ணிதான். ஹாலிடே என்ற அறிஞர் எடுத்துக்காட்டியது. ஆங்கிலத்தில் தேத்தண்ணி 'ஸ்ட்ராங்' ஆக இருக்கலாம், 'பவர்ஃபுல்' ஆக இருக்க முடியாது. கார் எஞ்சின் 'பவர்ஃபுல்' ஆகலாம். இரண்டு சொல்லுக்கும் அகராதியில் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான். பட்டியலை மட்டும் படித்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', முடிவை 'மேக்' பண்ண வேண்டும். இதையெல்லாம் சோடி சோடியாகத்தான் படிக்க முடியும்.

பட்டியலில் படித்தவர்கள் எழுதும் கட்டுரை எப்படி இருக்கும் தெரியுமா? 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கும். இரண்டாவது வரியில் ஒரு 'ப்ளெதரா' வந்து உட்காரும். மூன்றாவது பந்தியில் 'யுபிக்விட்டஸ்'. நடுவில் வினைச்சொல்லுக்கு எஸ் போட மறந்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலை கட்டி ரப்பர் செருப்போடு போன மாதிரி. மனப்பாடம் செய்த கட்டுரைகளைக் கண்டுபிடிக்கப் பரீட்சகர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். கேள்வியில் இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுதினால் அந்தச் சொற்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 250 சொல் எழுதிவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் கணக்கில் அது 220 ஆக இருக்கலாம்.

சரி, அப்படியானால் எதைப் படிப்பது? நியூசிலாந்தில் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கல்விச் சொற்பட்டியல் வெளியிட்டார். 570 சொற்குடும்பங்கள், அவ்வளவுதான். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். எந்தத் துறைக் கல்வி நூலை எடுத்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இதற்குள் இருந்து வரும். புழக்கம் அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை பத்து அடுக்காகப் பிரித்திருக்கிறார். நாளுக்குப் பத்துக் குடும்பம் என்றால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு அடியில் இருக்க வேண்டிய அன்றாடம் புழங்கும் அடிப்படை 2000 சொல் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டதாரிகளிடம்கூட அங்கே ஓட்டை இருக்கும். ஏ.எல்லில் பொது ஆங்கிலம் கெம்பஸ் தெரிவுக்குக் கணக்கில் சேராது என்பதால் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லையே.

பரீட்சைக்கு மட்டும் இல்லை, இந்த நடுத்தரச் சொற்கள்தான் இங்கே சோறு போடும். நான் வந்த புதிதில் ஒரு ஏஜென்சி என்னைப் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பியது. விடியற்காலை இருட்டில் வேன் வரும், கால் விறைக்க நின்று ஏறுவோம். இரண்டாம் வாரம் ஒரு தாளைக் கொடுத்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வேன் காசைச் சம்பளத்தில் கழிக்க நாங்களாகவே விரும்பிச் சம்மதிக்கிறோம், முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கை காட்டின இடத்தில் பெருவிரல் ரேகை வைத்த எங்கள் தாத்தாமார் மாதிரி, வாசிக்காமல் போட்டுக் கொடுத்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். தாளை நீட்டிய ஏஜென்சிப் பையனுக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் என் சம்பளத்தில் வேன் காசு வெட்டவில்லை. அந்தத் தாளில் இருந்த சொற்கள் 'வாலன்டரி', 'கன்சென்ட்', 'ப்ரையர்', 'டெர்மினேட்'. இந்த நான்கும் அந்த 570க்குள் இருக்கின்றன. ப்ளெதரா இல்லை.

இன்னொரு கதையையும் நம்பாதீர்கள். "அங்கே போனால் இங்கிலீஷ் தானாக வரும்" என்பார்கள். வராது. டொரொண்டோவின் ஸ்காபரோவில் மரக்கறிக் கடை, பல் வைத்தியர், வீட்டுத் தரகர், வாகனம் ஓட்டப் பழக்குபவர் எல்லோரும் தமிழ். இருபது வருடம் இருந்துவிட்டு இன்னும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், ஆனால் அவர்களிடம் ஆலோசனை கேட்காதீர்கள். அரசாங்கம் நடத்தும் லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்பு இருக்கிறதே என்பார்கள். அது நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும். மாணவர் விசாவில் வரும் உங்களை அதில் சேர்க்க மாட்டார்கள். அதனால் கற்க வேண்டியதை ஊரிலேயே கற்றுக்கொண்டு வாருங்கள்.

எதிர்க்கோடியில் இன்னொரு கூட்டம். வந்து ஆறு மாதத்தில் மூக்கால் பேசத் தொடங்கிவிடுவார்கள். பரீட்சைக்கும் அப்படி ஒரு உச்சரிப்பு வேண்டும் என்று வீடியோ போடுகிறார்கள். வேண்டாம். பேசுவது தெளிவாக விளங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள், எந்த ஊர்க்காரர் மாதிரி பேசுகிறீர்கள் என்று இல்லை. இந்த மூக்குப் பேச்சுக்காரர்களில் நம் மலையகத்து ஆட்களும் உண்டு. எந்த ஊர் என்று கேட்டால் "கண்டி" என்று முடித்துக்கொள்வார்கள். நான் பொகவந்தலாவ என்றுதான் சொல்வேன், தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்றும் சேர்த்துச் சொல்வேன். விளங்காவிட்டால் அவர்கள் வரைபடத்தில் தேடிப் பார்க்கட்டும்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். சின்ன அட்டைகள் வெட்டுங்கள். ஒரு பக்கம் சொல், மறு பக்கம் பொருள், அதோடு அந்தச் சொல் உண்மையில் வந்த ஒரு முழு வாக்கியம். சொந்தமாக வாக்கியம் கட்டாதீர்கள், வாசித்ததிலிருந்து எடுங்கள். மறுநாள் ஒரு தடவை, பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பாருங்கள். படித்தது எவ்வளவு வேகமாக மறந்து போகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885இலேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். அட்டை வெட்டச் சோம்பலாக இருந்தால் போனில் ஆங்கி என்ற செயலி அதைச் செய்யும். நான் அட்டைக் கட்சி. அட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும் நேரம் முழுக்க என் சட்டைப் பையில் ஒரு கட்டு இருக்கும்.

குடும்பத்தோடு படியுங்கள். 'அனலைஸ்' தெரிந்தால் போதாது, பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் எப்படி மாறும் என்றும், எழுத்துக்கூட்டலும் தெரிய வேண்டும். கேட்டல் பகுதியில் 40 கேள்வி, எழுத்துப் பிழை விட்டால் அந்தப் பதில் பிழைதான். காதில் சரியாக விழுந்தும் மதிப்பெண் போவதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை. இன்னொன்று, நீங்கள் எழுத வேண்டியது அகெடமிக் வகை. நிரந்தர வதிவிடத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போகிறவர்களுக்கு ஜெனரல் வகை. முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் பல்கலைக்கழக விண்ணப்பத் திகதியைப் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் பதியுங்கள்.

டியூஷனைப் பற்றி ஒரு வார்த்தை. என் காலத்தில் கொழும்பில் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டினோம். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈபிஎஃப் என்ற சேமலாப நிதிக் காசில் ஒரு பகுதி. கொடுத்தது சுருள் கம்பி போட்ட போட்டோகொப்பிப் புத்தகம் ஒன்று. சேர் வாரம் ஒரு நாள் வந்து கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் போனில் இருப்பார். எழுதிய கட்டுரையை ஒரு தடவைகூடத் திருத்தித் தரவில்லை. திருத்தித் தராத வகுப்புக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். "7 உறுதி" என்று போஸ்டர் ஒட்டுகிறவரிடமும், கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவரிடமும் பேசவே வேண்டாம்.

திருத்தத்துக்கு ஆள் இல்லையென்றால் நான் இருக்கிறேன். எழுத்தின் முதல் பகுதியில், 150 சொல்லில், சில நேரம் ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று படம் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். அதற்கு நம்மைவிட நல்ல பயிற்சி யாருக்குக் கிடைக்கும்? என் அப்பா தேயிலை பேக்டரியில் வேலை செய்தவர். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் உள்ளே போய்விடுவேன். மாடியில் கொழுந்தைப் பரப்பி இரவு முழுக்கக் காற்று விட்டு வாட வைத்திருப்பார்கள். காலையில் கீழே ரோலரில் விழும். பச்சை வாசம் மெல்ல மாறி, நிறம் செம்பாகி, பிறகு ட்ரையரில் போய்க் கறுத்து வெளியே வரும். அப்புறம் சலித்து பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று தரம் பிரிப்பார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத வராது, ஆனால் விதரிங், ரோலிங், ஃபயரிங் எல்லாம் வாயில் சரளமாக வரும். பழைய ட்ரையரின் இரும்பில் வார்த்திருந்த 'சிரோக்கோ, பெல்ஃபாஸ்ட்' என்ற எழுத்துகளை விரலால் தடவிக் காட்டித்தான் எனக்குப் பெரிய ஆங்கில எழுத்துகளில் பாதியைச் சொல்லித் தந்தார்.

ஆக இந்த வாரம் செய்ய வேண்டியது இது. பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலிருந்து பெட்டியில் அடைப்பதுவரை 150 சொல்லில் எழுதுங்கள். யார் செய்தார் என்று வரக்கூடாது, எல்லாம் செயப்பாட்டு வினையில் இருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஞாயிறு இரவுக்குள் அனுப்பினால் திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து திருத்தி அனுப்புகிறேன். உங்கள் வீட்டிலும் பேக்டரியில் வேலை செய்த யாராவது இருப்பார்கள், உருட்டிய இலைக் கட்டிகளை உடைக்கும் ரோல் பிரேக்கர் எந்த இடத்தில் வரும் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.