கருத்தடை மாத்திரை: யார் போடக் கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

மகளிர் மருத்துவம் பார்க்கிறவள் என்பதால் தோழிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மாத்திரை போட்டால் ரத்தம் உறைந்து உயிரே போகும் என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். உண்மையா அக்கா?

உறையலாம், உண்மைதான். ஆனால் எத்தனை பேருக்கு என்பதையும் கேளுங்கள். மாத்திரை போடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வரும். மாலா-டி போல, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை என்றால் 5 முதல் 7 பேர், அதற்குப் பதில் ட்ரோஸ்பைரினோன் அல்லது டெசோஜெஸ்ட்ரல் சேர்ந்தது என்றால் 9 முதல் 12 பேர். ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் சொன்ன கணக்கு இது. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் இதைவிட அதிகம், அதை யாரும் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. முதல் வருடம்தான் கவனம் தேவை. ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாலும் அதே கவனம் வேண்டும். வீட்டில் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இளவயதில் ரத்தக்கட்டி வந்திருந்தால் மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிசிஓடிக்கு, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு, இந்த மாத்திரை கொடுத்தார்கள் மேடம். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, வலி வருவதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சக் கோடு தெரியும். டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த மாத்திரையைப் போடாமல் இன்றே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் அம்மா. இப்படி முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி, ஏனென்றால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. ரத்த அழுத்தம் 160/100 தொட்டவர்களுக்கும் இதே தடைதான். பிபி பார்க்காமல் இந்த மாத்திரையை எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை, இரண்டு நிமிட வேலை அது. பிபி பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். கருத்தடைக்காகவும் இதை நம்பியிருந்தால் வேறு வழி முடிவாகும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

இரண்டு மாதமாக மாத்திரை போடுகிறேன். நான்கு நாளாக இடது கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம். தைலம் தேய்க்கிறேன், சரியாகுமா?

தேய்க்காதீர்கள், இது காலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரை போடுவதை முதலில் சொல்லி, கால் நரம்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால்தான் உயிருக்கு ஆபத்து. திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். ஒரு பக்கக் கை கால் மரத்தாலும், பேச்சு குழறினாலும், கண் திடீரென மங்கினாலும் அப்படித்தான்.

கோயில் திருவிழாவுக்காக மாதவிலக்குத் தேதியைத் தள்ளிப்போடக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கலாமா?

அது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று கொடுப்பார்கள். உடம்புக்குள் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது, அதனால் மேலே சொன்ன தலைவலி, ரத்தக்கட்டி, பிபி எல்லாம் இங்கேயும் பொருந்தும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தேதி தள்ளிப்போவதால் கருத்தடை ஆகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். வீட்டில் மற்றவர்கள் வற்புறுத்தினால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

புற்றுநோய் வருமா?

மார்பகப் புற்றுநோய் ஆபத்து எடுக்கும் காலத்தில் சற்றுக் கூடும், நிறுத்திய பின் மெல்லக் குறையும். ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் அப்படியே. சினைப்பை, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் குறைகின்றன.

குழந்தை பிறந்து ஒரு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். மாலா-டி ஆரம்பிக்கவா?

இப்போது வேண்டாம். முதல் ஆறு வாரம் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை தவிர்ப்பதே நல்லது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் சாயா மாத்திரையைக் கேளுங்கள், லக்னோ ஆய்வுக்கூடத்தில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, ஈஸ்ட்ரோஜன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. சினைப்பையில் நீர்க்கட்டியோ, அண்மையில் மஞ்சள் காமாலையோ இருந்திருந்தால் அதையும் அங்கே சொல்லிவிட்டு வாங்குங்கள்.