பிறக்கும் முன்பே குழந்தையை இழந்த கணவன் மனைவி அந்தத் துக்கத்தை எப்படித் தாங்குகிறார்கள்?

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊர். 2018இல், என் மனைவிக்கு எட்டாம் மாதம், வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது. வேலூரில் பிரசவம். பெண் குழந்தை.

"பெத்தவ பாக்கக் கூடாது, மனசு தாங்காது" என்றார்கள் பெரியவர்கள். நானும் சரி என்றேன். துணியில் சுற்றித் தந்ததை மடியில் வைத்துக்கொண்டு மாமாவின் ஆட்டோவில் வந்தேன். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, பாலாற்றங்கரையில் புதைத்தோம். காரியம், பதினாறாம் நாள் எதுவும் கிடையாது. மாட்டி வைக்கப் படமும் இல்லை.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. இப்படி ஆகும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. பால் வற்ற டாக்டர் மாத்திரை எழுதினார், அத்தை மல்லிப்பூவை மாரில் வைத்துக் கட்டினார். (பாட்டி வைத்தியம்தானே என்று நினைத்தேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே 1988இல் பூவையும் மாத்திரையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பூவுக்கும் பால் குறைகிறதாம்.) வீடெல்லாம் அந்த வாசனை. இன்றும் எங்கள் வீட்டில் கனகாம்பரம்தான்.

பத்தாம் நாள் நான் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டேன். கல்நெஞ்சக்காரன் என்று அவள் நினைத்தாள். வரும் வழியில் பைக்கை ஓரம் கட்டிவிட்டு அழுததை நான் சொல்லவில்லை. "அடுத்தது பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தயவுசெய்து யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

ஒருநாள் சண்டையில், "உங்களுக்கென்ன, நீங்க பாத்துட்டீங்க" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தலை நிறைய முடி, மூக்கு உன் மூக்கு, விரல் நீளம் என்று சொன்னேன். மறுநாளும் கேட்டாள். பல இரவுகள் அதையே சொன்னேன், நானும் அவள் எதிரில் அழுதேன். அப்புறம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். அதனால், பார்க்க வேண்டும் என்று தாய் கேட்டால் தடுக்காதீர்கள். வீட்டில் பேச ஆளில்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. இரவெல்லாம் இருவருக்கும் தூக்கமில்லை, ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் வடிந்ததும் போனோம். வேலிகாத்தான் புதர், மணல், வேறு அடையாளமே இல்லை. "இங்கதான்" என்று அவள்தான் முதலில் கை காட்டினாள்.