தோற்காத சீசன்: 1972 மயாமி டால்ஃபின்ஸ் - கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ஃபுட்பால் அணியான மயாமி டால்ஃபின்ஸ் அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். லீக்கில் 14, பிளே ஆஃபில் 2, கடைசியாக இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். பதினேழிலும் வெற்றி, டிராகூடக் கிடையாது.

கேள்வி: பாப் கிரீஸி போன்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?

பதில்: இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஐந்தாவது ஆட்டத்திலேயே, சான் டியேகோவுக்கு எதிராக, கிரீஸியின் கால் முறிந்துவிட்டது. உள்ளே வந்தவர் 38 வயது எர்ல் மோரல். பால்டிமோர் கழற்றிவிட்டவரை வெறும் 100 டாலருக்கு எடுத்திருந்தார் பயிற்சியாளர் டான் ஷூலா. இருவருக்கும் பழைய காயம் ஒன்று உண்டு: 1969 ஜனவரியில், எல்லோரும் ஜெயிக்கும் என்று நினைத்த பால்டிமோர் அணி சூப்பர் பவுலில் நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 எனத் தோற்றபோது, பயிற்சியாளர் ஷூலா, பாதியில் வெளியே உட்கார வைக்கப்பட்ட குவார்ட்டர்பேக் மோரல்! மயாமியில் லீக்கின் மிச்ச ஆட்டங்களையெல்லாம் ஜெயித்துக் கொடுத்த அதே மோரலை, பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியின் நடுவில் ஷூலா மறுபடி உட்கார வைத்து, குணமாகி வந்த கிரீஸியை இறக்கினார். 21-17 என்று ஜெயித்தார்கள். முடிவு சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் இந்த சீசன் மோரலுடையது.

கேள்வி: சொத்தை அணிகளைத்தானே அடித்தார்கள்?

பதில்: பாதி நியாயம். லீக்கில் எதிர்கொண்டவற்றில் கான்சாஸ் சிட்டி, நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டுக்கும்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம். இருந்தாலும் மினசோட்டாவுடன் 16-14, பஃபலோவுடன் 24-23 என்று மயிரிழையில் தப்பிய ஆட்டங்களும் உண்டு. இன்னொன்று, அரையிறுதி எங்கே என்பதை அப்போது சுழற்சி முறைதான் தீர்மானித்தது. அதனால்தான் தோற்காத அணி பிட்ஸ்பர்க்குக்குப் போக வேண்டி வந்தது.

கேள்வி: பந்தோடு ஓடுவதில் யார் பலம்?

பதில்: லாரி சொங்கா 1,117 யார்டு, மெர்குரி மாரிஸ் சரியாக 1,000. ஒரே அணியில் இருவர் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. மாரிஸுக்கு முதலில் 991தான். ஒரு ஆட்டத்தைத் திரும்பப் பார்த்து 9 யார்டு சேர்த்தார்கள்.

கேள்வி: சூப்பர் பவுலில் பந்தை உதைக்கிறவர் எறிந்தாராமே?

பதில்: காரோ யெப்ரேமியன். 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ். மயாமி 14-0 முன்னிலை. அவர் அடித்த ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி) முயற்சியை வாஷிங்டன்காரர்கள் தடுத்துவிட்டார்கள். உருண்டு வந்த பந்தின் மேல் பேசாமல் படுத்திருக்கலாம். மனுஷன் அதை எடுத்து எறியப் போனார். கையிலிருந்து நழுவி மேலே போனது, தட்டினார், நேராக மைக் பாஸ் கையில் விழுந்தது. வாஷிங்டன்காரரான அவர் 49 யார்டு ஓடி டச்டவுன் (எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது). 14-7, அதுவே கடைசி ஸ்கோர்! அந்த உதை மட்டும் கோலாகியிருந்தால், 17-0 சீசன் (17 வெற்றி, தோல்வி இல்லை) 17-0 என்ற ஸ்கோரோடு முடிந்திருக்கும்.

கேள்வி: வேறு யாரும் நெருங்கவில்லையா?

பதில்: 2007-ல் நியூ இங்கிலாந்து அணி லீக்கில் 16-0. அப்புறம் சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது.